ராயகிரிக் கொத்தனார் போட்ட மட்டப்பா

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு கல்யாண வீட்டில் சேர்ந்து உட்கார்ந்தால் முதலில் முட்டி வலி, அடுத்து சர்க்கரை, பந்திக்கு எழுந்திருப்பதற்குள் வீட்டு வேலை. நீங்களும் கவனித்திருப்பீர்கள். பழைய வீட்டைப் பிரித்துக் கட்டப் போகிறோம், நம்பிக்கையான ஆள் யாராவது இருக்கிறார்களா என்று ஒருவர் மெல்ல ஆரம்பிப்பார். உடனே ஆளுக்கொரு கொத்தனார் கதை புறப்படும். ஒருவர் வீட்டில் சிமெண்டில் மண்ணைக் கலந்துவிட்டான். இன்னொருவர் வீட்டில் பாதி வேலையில் செல்போனை அணைத்துவிட்டுப் போனவன் போனவன்தான். எல்லார் கதையிலும் கொத்தனார்தான் கள்ளன். நான் அந்த நேரம் பார்த்துப் பாயசம் வந்துவிட்டதா என்று விசாரிக்க எழுந்து போய்விடுவேன்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கதை உண்டு. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் கொஞ்ச காலம் வாய்க்கு வாய் ஓடிய கதை. தெருவுக்குத் தெரிந்தது அதில் பாதிதான். மீதிப் பாதி எனக்கே என் தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிய வந்தது. சொல்லிவிட்டால் நெஞ்சுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

எழுபதுகளின் கடைசி. அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. எங்கள் வீடு அப்பாவின் அப்பா வாங்கிப் போட்டது. தெருவிலிருந்து உள்ளே வந்தால் பெரிய கூடம். அதைப் பட்டாசல் என்போம். அதற்கும் உள்ளே ஜன்னல் இல்லாத அரங்குவீடு. அதற்குப் பின்னால் ஓடு போட்ட அடுப்படி, பிறகு கிணறு. பட்டாசலுக்கும் அரங்குவீட்டுக்கும் சேர்த்து ஒரே மட்டப்பா, தட்டையான கூரை. மரக்கட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டு இடித்தது. அந்தக் கட்டைகளில் கரையான் ஏறிவிட்டது. பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்தால் சற்று நேரத்தில் எழுத்தின் மேல் மெல்லிசாக மரத்தூள் படிந்திருக்கும். சோற்றில் விழும். தலையில் விழும். ஒருநாள் அப்பா குடை முனையால் உத்திரத்தைக் குத்திப் பார்த்தார். கொழுக்கட்டையில் குத்தியதுபோல உள்ளே போனது. அப்பாவின் முகம் சரியில்லாமல் போயிற்று.

ஆனால் அந்த உத்திரத்தைத் தொடுவது லேசான காரியமில்லை. அரங்குவீட்டுப் பக்கத்தில் அதில் ஓர் இரும்பு வளையம் அடித்திருந்தது. அக்காவுக்கும் எனக்கும் தொட்டில் கட்டிய வளையம் அது. இப்போது அதில் ஒரு பனையோலைப் பெட்டி தொங்கியது. பெட்டிக்குள் அக்கா இருந்தாள்.

நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணம் ஆகாமல் ஒரு பெண்பிள்ளை இறந்துபோய்விட்டால் அவளைக் கன்னி என்று வீட்டிலேயே வைத்துக் கும்பிடுவோம். ஓலைப் பெட்டியில் அவளுக்கு ஒரு பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன், சாந்துப் பொட்டு, சீப்பு எல்லாம் வைத்து உத்திரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியை இறக்கி, சர்க்கரைப் பொங்கல் வைத்து, புதுத் துணி மாற்றுவார்கள். எடுத்த பழைய துணியை வீட்டில் இருக்கும் பெண்பிள்ளை உடுத்த வேண்டும். எங்கள் வீட்டில் அது நான்.

அக்கா மஞ்சள்காமாலையில் போனாள். லேசான காய்ச்சல் இருந்தபோது கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா பார்க்க அடம்பிடித்தாள் என்று அம்மா கூட்டிப் போனாள். வீடு வந்து இரண்டு நாளில் கண் மஞ்சளாகிவிட்டது. சாவுக்கு வந்த துஷ்டிக் கூட்டத்தில் அப்பாவின் அக்கா, எங்கள் வாசுதேவநல்லூர் அத்தை, எல்லார் காதிலும் விழும்படி, "காச்சக்காரப் பிள்ளைய கூட்டத்துக்குள்ள இழுத்துட்டுப் போனா பொழைக்குமா?" என்று சொன்னாள்.  அதற்குப் பிறகு அம்மா யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டதேயில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

மட்டப்பாவைப் பிரித்துக் காங்கிரீட் போடுவது என்று அப்பா முடிவெடுத்தபோது அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். பெட்டி வாசல் தாண்டி வெளியே போகக்கூடாது. திறந்த வானத்துக்குக் கீழேயும் இருக்கக்கூடாது. அரங்குவீட்டுக்குக் கூரை இருக்கும்போதே பட்டாசலுக்குப் போட்டுவிட வேண்டும். பெட்டியைப் பட்டாசலுக்கு மாற்றிவிட்டு அப்புறம் அரங்குவீட்டைப் பிரிக்க வேண்டும்.

"அவளுக்கு ஒரு நாளு கூட கூரை இல்லாம இருக்கக்கூடாது" என்றாள்.

கொத்தனார் தேடும் படலம் ஆரம்பித்தது. முதலில் வந்தவர் ராஜபாளையத்துக்காரர், காண்ட்ராக்டர் என்றுதான் தன்னைச் சொல்லிக்கொண்டார். வீட்டுக்குள் வந்தும் கூலிங் கிளாசைக் கழற்றவில்லை. "சார், இதெல்லாம் ஒரு கட்டடமா சார்? தரமட்டமா தட்டிருவோம். முன்னால ரெண்டு கடை எடுத்து விட்டா வாடகை வரும்லா?" என்றார்.

"அது வரைக்கும் நாங்க எங்கன இருக்க?" என்று அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"ஆறு மாசம் வாடகைக்குப் போயிருங்கம்மா."

அவர் பாதி குடித்த காப்பி டம்ளரை அம்மா எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மனுஷர் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது ஆள் குருவிகுளம் பக்கம். எதைச் சொன்னாலும் "ஆகட்டும்மா" என்றார். அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. அரங்குவீட்டை அளக்க உள்ளே போனவர் பெட்டியைப் பார்த்ததும் காலைப் பின்னால் எடுத்துவிட்டார். "இது வேறயா? ஆள்க பயப்படுவாங்களே. எங்கயாச்சும் கோயில்ல வச்சிட்டு வந்துருங்க, மறுநாளே வேலைய ஆரம்பிச்சிரலாம்" என்றார். அவர் போனதும் அம்மா அவர் நின்ற இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள்.

மூன்றாவதாக வந்தவர்தான் ராயகிரிக் கொத்தனார். குட்டையான ஆள், வாய் நிறைய வெற்றிலை, அதைவிட நிறைய பெருமை. உட்காரும் முன்பே பெருமை ஆரம்பித்துவிட்டது. "சிவகிரியில கேளுங்க, வாசுதேவநல்லூர்ல கேளுங்க. நான் போட்ட மட்டப்பாவுக்குக் கீழ அப்பளத்தத் தொறந்து வச்சிட்டுப் போவலாம். ஐப்பசி மழையிலயும் நமுக்காது." அப்பாவுக்கு இப்படிப் பேசுகிற ஆட்களைக் கண்டால் ஆகாது. அனுப்பிவிடலாம் என்று எழுந்தார். அதற்குள் கொத்தனார் அரங்குவீட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இது யாரு தாயி?" என்று கேட்டார்.

குருவிகுளத்துக்காரர் இது வேறயா என்றுதான் கேட்டிருந்தார். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"மூத்தவ."

"என்ன வயசு?"

அம்மா என்னைக் கையால் காட்டினாள். "இன்னா, இவ உசரந்தான் இருந்தா."

வேலை அவருக்கு என்று அப்போதே முடிவாகிவிட்டது. அப்பா மட்டும் அதை அறியாமல் இன்னும் கொஞ்ச நேரம் சிமெண்டைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் நிபந்தனையைக் கேட்ட பிறகு கொத்தனார் அப்பாவைக் கிணற்றடிக்குத் தனியாகக் கூட்டிப்போனார். நான் அங்கேதான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளை இருப்பதைப் பெரியவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

"அண்ணாச்சி, உங்கட்ட மறைக்கக்கூடாது. காங்கிரீட்டுங்கது ஒரே மூச்சுல போடணும். காலையில ஆரம்பிச்சா பொழுது சாயிறதுக்குள்ள அந்தக் கடைசிக்குப் போயிரணும். பாதியில நிறுத்தி, மாசம் கழிச்சு மிச்சத்தப் போட்டா பழசும் புதுசும் ஒட்டாது. நான் என்ன வித்த செஞ்சாலும் தண்ணி அந்த எடத்தக் கண்டுபிடிச்சிரும்."

"தெரியும்வே. ஆபீசுல ஓவர்சியரும் அதத்தான் சொல்லுதாரு."

"பொறவு?"

அப்பா குரலைத் தாழ்த்தினார். "அவளால அந்தப் பெட்டிய வெளிய வைக்க முடியாது. நானும் சொல்லிப் பாத்துட்டேன். ஒழுகுனா ஒழுகிட்டுப் போட்டும். நீரு ரெண்டு தடவையாவே போடும்."

"எம்பேருல்லா கெடும் அண்ணாச்சி?"

"நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். அவட்ட மட்டும் சொல்லிராதேயும். செத்த பிள்ளையால வீடு ஒழுகுதுன்னு அவ நெனச்சிரக்கூடாது வே."

கொத்தனார் வெற்றிலையைத் துப்பி, என் வாளியிலிருந்தே தண்ணீர் எடுத்து வாய் கொப்பளித்தார். மட்டப்பாவை அண்ணாந்து பார்த்தார். "சரி. எனக்கும் வீட்டுல பொட்டப்பிள்ளைய இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

வைகாசியில் பட்டாசல் கூரையைப் பிரித்தார்கள். கடப்பாரை விழ விழ, பழைய சுண்ணாம்பு வெள்ளைப் புகையாக எழுந்து கிணற்றுத் தண்ணீர் வரை படிந்தது. எதை வாயில் வைத்தாலும் சுண்ணாம்பு ருசி. கட்டைகளுக்குள்ளிருந்து புறா முட்டை ஓடு, ஒரு துருப்பிடித்த சாவி, யாரோ எப்போதோ சொருகி வைத்த மயிலிறகு என்று ஏதேதோ வந்தது. இடிபாட்டை மாட்டு வண்டியில் அள்ளிக்கொண்டுபோக ஆள் வந்தபோது அம்மா முறத்தோடு வந்து குறுக்கே நின்றாள்.

பால்பல் விழுந்தால் சாணியில் பொதிந்து கூரை மேல் எறிவோம் இல்லையா? அக்காவின் பற்கள் அந்த மட்டப்பாவில்தானே கிடந்தன. அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுண்ணாம்புத் தூளை முறம் முறமாகப் புடைக்க ஆரம்பித்தாள். சித்தாள் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். கொத்தனார் அதட்டினார். "ஏட்டி, என்ன இளிப்பு? அவிய பாத்து முடிக்கட்டும். வண்டிய நாளைக்கு வரச் சொல்லுங்க." சொன்னதோடு நிற்காமல் சாந்து சலிக்கும் கம்பிச் சல்லடையைக் கொண்டுவந்து அம்மாவின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஒரு பல் கிடைத்தது. சின்னது, பழுப்பேறியது. அம்மா அதை உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினாள். அது என் பல்லாகவும் இருக்கலாம், எனக்கும் அதே கூரையில்தான் எறிந்தார்கள். நான் அதைச் சொல்லவில்லை. அம்மாவின் முகம் அப்படி இருந்தது. பல்லைக் கழுவி மஞ்சள் துணியில் முடிந்து பெட்டிக்குள் வைத்தாள்.

ஆனியில் பட்டாசலுக்குக் காங்கிரீட் போட்டார்கள். ஆடி பிறந்ததும் ஊர் தபசுக் கூட்டத்தில் நிறைந்துவிட்டது, வேலைக்கு ஒரு ஆள் வரவில்லை. நாங்கள் யாரும் தபசுக்குப் போகவில்லை. அக்கா போனதிலிருந்து போவதில்லை. மேளச் சத்தம் தெரு வழியாக வரும்போது அம்மா ரேடியோவைச் சத்தமாக வைப்பாள்.

கூட்டம் வடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியை மாற்றினோம். வீட்டுப் பெண்பிள்ளைதான் சுமக்க வேண்டும் என்பது முறை. நான் அக்காவின் பழைய பாவாடையை உடுத்தினேன். முந்திய வருஷம் வரை இடுப்பில் மடித்துச் சொருகிய பாவாடை அன்றைக்கு எனக்குச் சரியாக இருந்தது. அம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து நடந்தேன். அம்மா எனக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தாள்.

"வா மக்கா. இங்கன வா. நிலையில இடிச்சிராத. பைய வா, உனக்குத்தான் புது மச்சு போட்டிருக்கு பாரு."

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். அக்கா இருந்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த குரல் அது. அவள் போன பிறகு என்னை அம்மா அப்படிக் கூப்பிட்டதேயில்லை. பட்டாசலின் நடுவே வந்து நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கொத்தனார் மூலையில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து பெட்டியை வாங்கப்போனவர், முறை ஞாபகம் வந்து, கையை இழுத்துக்கொண்டார். "கைய வலிக்கா பாப்பா?" என்றார். நான் ஆமாம் என்றேன்.

ஆவணியில் அரங்குவீட்டுக்குப் போட்டார்கள். அதற்கு முன்னால் அவர் செய்ததெல்லாம் இன்றும் கண்ணில் நிற்கிறது. பட்டாசல் பக்கம் நீட்டி விட்டிருந்த கம்பிகளைத் தானே உட்கார்ந்து துருப் போகத் தேய்த்தார். பழைய காங்கிரீட்டின் ஓரத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கழுவி, சிமெண்டுப் பாலை ஊற்றினார். அந்த ஒரு இடத்துக்கு வேறு யாரையும் விடவில்லை.

பெட்டிக்கான வளையத்தையும் அவரே வைத்தார். பழைய உத்திரத்திலிருந்து கழற்றியதை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். அம்மா முன்பு இருந்த இடத்திலேயே, அதாவது பட்டாசல் சுவரை ஒட்டி, இருக்க வேண்டும் என்றாள். அவர் கேட்கவில்லை.

"இல்ல தாயி, அங்கன வேண்டாம். இந்த மூலைக்குத் தள்ளி இருக்கட்டும்."

"ஏன்?"

"காத்து வரும்லா" என்றார். ஜன்னல் இல்லாத அறையில் எங்கிருந்து காற்று வரும்? அம்மா திருப்பிக் கேட்கவில்லை. காங்கிரீட் காய்ந்ததும் பெட்டி அந்த மூலைக்கே வந்தது. பால் காய்ச்சும் அன்று கொத்தனாருக்குக் கொடுக்க ஒரு வேட்டியும் துண்டும் வாங்கி வைத்தாள். பால் காய்ச்சுவதை ஐப்பசியில் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

ஐப்பசியில் மழை பால் காய்ச்சும் நாளுக்கு முந்திக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்தது. பட்டாசலையும் அரங்குவீட்டையும் பிரிக்கிற சுவரின் உச்சியில் முதலில் ஈரமாக ஒரு கோடு தெரிந்தது. பிறகு கோட்டிலிருந்து இரண்டு மூன்று ஒழுக்கு இறங்கியது. புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரில் அது கன்னத்தில் மை கரைந்து வழிவதுபோல் இருந்தது. அப்பா மட்டப்பாவுக்கு ஏறுவதும் தார் பூசுவதும் இறங்குவதுமாக இருந்தார்.

தீபாவளிக்கு வாசுதேவநல்லூர் அத்தை வந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அரங்குவீட்டு வாசலில் போய் நின்றாள். சுவரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். அப்பாவைக் கூப்பிட்டாள்.

"ஏலே தம்பி, இது மழத் தண்ணியில்ல. அவ அழுதா. இந்த வீட்டுல நிம்மதியில்லாம அழுதா. நான் அன்னைக்கே சொன்னேன், கேக்கல. பெட்டியக் கொண்டுபோயி ஆத்துல விட்டுரு. இன்னொரு குமரு வீட்டுல நிக்கா, அது நெனப்பு இருக்கட்டும்."

அப்பா அத்தை பேச்சைத் தட்டி யாரும் பார்த்ததில்லை. தாய் இல்லாத அவரை வளர்த்தவள் அத்தைதான். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாப்போம்க்கா" என்றார். பாப்போம் என்றால் ஆற்றில் விடுவது என்றுதான் அர்த்தம்.

அப்போதுதான் அடுப்படியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"அவ ஏன் அழுதா? அவ ஒண்ணும் அழல மயினி! கொத்தனாரு களவாணி. சிமெண்ட முழுங்கிட்டு மண்ண அப்பிட்டுப் போயிருக்கான் படுபாவி. ஒரு பொட்டு எறங்காதுன்னான், இன்னா ஊத்துது பாருங்க!"

அம்மாவா அது என்று நாங்கள் திகைத்துப் போனோம். கையில் கரண்டியோடு தெருவில் இறங்கிவிட்டாள். கொத்தனார் அடுத்த தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் வேலை தொடங்கியிருந்தார். நான் அம்மாவின் பின்னாலேயே ஓடி முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "யம்மா, யம்மா, அப்பாதான ரெண்டு தடவையா..." அம்மா சட்டென்று திரும்பி என் வாயைப் பொத்தினாள். கையில் வெங்காய வாசம். பல்லில் உதடு அழுந்தி வலித்தது. அப்பாவின் மானம் போய்விடக்கூடாது என்று பொத்தினாள் போல என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொத்தனார் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார். அம்மா கீழே நின்று தெருவே கூடும்படி கேட்டாள்.

"ஏவே, அப்பளம் நமுக்காதுன்னு சொன்னீரே, வந்து எஞ்சுவரப் பாரும்! இவரு போட்ட மட்டப்பா ஒழுகுது. எல்லாரும் கேட்டுக்கிடுங்க. கூரையப் போடச் சொன்னா களவாண்டுட்டுப் போயிருக்காரு!"

அவர் மெதுவாக இறங்கி வந்தார். கையிலிருந்த கரணையைத் துண்டால் துடைத்தார். பொத்தான் போடாத சட்டையோடு அப்பா வந்து சேர்ந்திருந்தார். கொத்தனார் அப்பாவைப் பார்த்தார். அப்பா பக்கத்தில் குவித்திருந்த மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும், அப்பா சொல்லவில்லை. கொத்தனார் சொல்லியிருக்கலாம், அவரும் சொல்லவில்லை.

"எங்கைதான தாயி செஞ்சது. வந்து பாத்துத் தாரேன்" என்றார்.

மறுநாள் வந்து பொருத்தைக் கொத்தித் திரும்பப் பூசினார். முன்பெல்லாம் நேரம் தவறாமல் காப்பி கொடுத்த அம்மா முகம் கொடுக்கவில்லை. நான்தான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படியிறங்கிப் போனதும் அம்மா அரங்குவீட்டுக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. அடுத்த மழையில் கோடு திரும்பவும் வந்துவிட்டது.

ஜவுளிக்கடைக்காரர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார். டீக்கடையில், "ராயகிரியாரு போட்ட மச்சா? அப்ப குடைய விரிச்சிட்டுப் படுங்க" என்று சிரித்தார்கள். பெருமை பேசிய வாய் என்பதால் சிரிப்பு இன்னும் கூடியது. தை பிறப்பதற்குள் அவர் குடும்பத்தோடு கொல்லம் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். அத்தை அதற்குப் பிறகு ஆற்றைப் பற்றிப் பேசவில்லை. கொத்தனார் கள்ளன் என்று ஊரே சொல்லும்போது கன்னி அழுகிறாள் என்று எப்படிச் சொல்வது? பெட்டி அந்த மூலையிலேயே தொங்கியது.

நான் வளர்ந்து அக்காவைத் தாண்டிவிட்டேன். அப்புறம் பெட்டிக்குப் புதுத் துணி தைக்க என்னை அளவுக்குக் கூட்டிப் போகாமல், அக்காவின் பழைய பாவாடையையே அம்மா தையல்காரரிடம் கொடுத்தாள். எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அப்பா போனார். அந்த மட்டப்பாவைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாமலே போனார். ஒவ்வொரு ஐப்பசிக்கும் அம்மா சுவரோரம் ஒரு பித்தளைப் போணியை வைத்து, நிறைந்ததும் கொண்டுபோய் முருங்கைக்கு ஊற்றினாள்.

தனியாக இருக்க முடியாத வயது வந்ததும் அம்மாவை என்னோடு திருநெல்வேலிக்கு அழைத்துப் போக வந்தேன். பெட்டியும் வருவதானால் வருகிறேன் என்றாள். இத்தனை வருஷம் வாசல் தாண்டக்கூடாதென்று காத்த பெட்டி. "நான் போற எடத்துக்குத்தான அவளும் வருவா" என்றாள். இறக்கித் திறந்தாள். பாவாடை, ரிப்பன், மஞ்சள் துணி முடிச்சு. எல்லாவற்றுக்கும் அடியில் மடிப்புக் கலையாத ஒரு வேட்டியும் துண்டும். மடிப்பு ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது.

"இது யாருக்கும்மா?"

"அந்தக் கொத்தனாருக்கு. பால் காய்ச்சன்னைக்குக் குடுக்க எடுத்தது. குடுக்க முடியாமப் போச்சு."

"களவாணின்னு நீதானம்மா தெருவுல நின்னு சொன்ன?"

அம்மா வேட்டியைத் தடவிக்கொண்டே பேசினாள். "அவரு களவாணியில்லட்டி. கெணத்தடியில உங்கப்பாவும் அவரும் பேசினத அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்."

 "பொறவு ஏம்மா?"

"உங்கத்த வாயத் தொறந்துட்டால்லா. யாரு மேலயாவது போட்டாத்தான் அந்தப் பேச்சு நிக்கும். அவரு மேல போடலேன்னா எம்பிள்ள மேலல்லா போட்டிருப்பாவ? அவரு உசிரோட இருக்க மனுசன், எங்கயாச்சும் போயிப் பொழச்சிக்கிடுவாரு. அவளுக்கு இந்தப் பெட்டிய விட்டா வேற எடம் ஏது?"

பிறகு, "இத அவரு வீட்டுல சேத்திரு" என்றாள்.

ராயகிரியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கொல்லத்திலிருந்து திரும்பி வந்துவிட்டார்கள். கொத்தனார் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. அவர் மனைவி முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சங்கரன்கோவில் என்றதும் கை நின்றது.

"கன்னி இருந்த வீடா?"

"ஆமாக்கா."

என்னை உட்காரச் சொன்னாள். வேட்டியையும் துண்டையும் கட்டிலில் வைத்து, அம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.  அவள் வேட்டியைத் தொடவில்லை.

"அவுக ஒண்ணும் சொல்லல. 'பிள்ளையப் பறிகுடுத்தவ, போட்டும்ளா'ம்பாவ. எனக்குத்தான் ஆறல. பாஷ தெரியாத ஊருல எம்பிள்ளைய தெகைச்சிப்போயி நின்னத நான் மறக்கவா? இப்பவும் ஆறல தாயி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.  அவள் திரும்பக் கீரையை எடுத்தாள். நாலு காம்பு கிள்ளிப் போட்டாள். திரும்பவும் நிறுத்தினாள்.

"அங்கன மழைக்குக் கேக்கணுமா. பேஞ்சா இவுக எந்திரிச்சு உக்காந்துக்கிடுவாவ. 'ஏளா, அந்தப் பெட்டி நனைஞ்சிருக்குமோ'ன்னு கேப்பாவ. எங்கன இருக்க ஊரு, எந்த வீட்டுப் பெட்டி, எனக்கு எப்பிடித் தெரியும்? தூங்குங்கன்னு சத்தம் போடுவேன். சாவுத வரைக்கும் அதே கேள்விதான்."

என்னை நேராகப் பார்த்தாள்.

"நனைஞ்சுதா?"

"இல்லக்கா" என்றேன். "சுவரெல்லாம் ஒழுகிச்சு. பெட்டி மேல ஒரு பொட்டு விழல. அவரு தள்ளி வச்ச எடத்துல ஒரு நாளும் நனையல."

அவள் கீரைத் தட்டைக் கீழே இறக்கி வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே கிடந்த வேட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.